பிலோமினா ஜெயித்த கேஸ்

சென்ற ஞாயிற்றுக்கிழமை காலை, பெங்களூர் அல்சூரில் ஒரு சின்ன ஹாலில் நான்கு வக்கீல்களுக்குச் சால்வை போர்த்தினோம். வேறு தேசத்திலிருந்து வந்து இந்த ஊரில் சிக்கிக்கொண்டவர்களுக்காக, ஃபீஸ் வாங்காமல் கோர்ட் ஏறுகிறவர்கள். நான்காவது வக்கீல் பிலோமினா. அவரை அறிமுகப்படுத்தும் வேலை எனக்கு.

இரண்டு நிமிடம் கொடுத்திருந்தார்கள். விவேக் நகரில் ஜெராக்ஸ் கடைக்கு மேலே ஆபீஸ், வாரம் முழுக்க சொத்துத் தகராறும் விவாகரத்தும், சனிக்கிழமைகளில் மட்டும் இந்த இலவச வழக்குகள் என்றெல்லாம் சொன்னேன். கடைசியாக, "இலங்கையிலிருந்து வந்த ஒரு தாயைக் குழந்தைகளிடமிருந்து பிரிக்கக் கூடாது என்று ஹைகோர்ட்டில் உத்தரவு வாங்கியவர்" என்றேன். நல்ல கைதட்டல்.

பிலோமினா என்னை நிமிர்ந்து பார்த்தார். அவ்வளவுதான்.

நான் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் பாதிதான் சொன்னேன். மேடையில் விட்ட மீதியை உங்களிடமாவது சொல்லிவிடுகிறேன்.

அந்தத் தாயின் பெயர் சுதர்சினி. மன்னாரிலிருந்து கைக்குழந்தையாகப் படகில் வந்தவள். தமிழ்நாட்டில் ஓர் அகதி முகாமில் வளர்ந்தாள். பெங்களூரில் டைல்ஸ் ஒட்டும் ரவியைக் கல்யாணம் செய்துகொண்டு சந்தாபுராவுக்கு வந்துவிட்டாள். முகாமை விட்டு வெளியேற அனுமதி வாங்க வேண்டும் என்பது தெரியாதா? தெரியும். ஆனால் பத்து வருஷம் யாரும் கேட்கவில்லை. காவ்யா, நித்யா என்று இரண்டு பெண் குழந்தைகள். எல்லோரையும் போல ஆதார், எல்லோரையும் போல வோட்டர் கார்டு...

ஒருநாள் தண்ணீர்க் குழாயில் ஒரு சண்டை. யார் குடம் முதலில் என்கிற சண்டைதான். சண்டை போட்ட பெண்மணி நேராக ஸ்டேஷனுக்குப் போய், இவள் சிலோன்காரி என்று எழுதிக் கொடுத்துவிட்டார். போலீஸ் வந்து எங்கே பிறந்தாய் என்று கேட்டது. சுதர்சினி உண்மையைச் சொன்னாள்.

அனுமதியில்லாமல் தங்கியதாக வழக்குப் போட்டு ஜெயிலில் வைத்தார்கள். பிறகு ஜாமீன் கிடைத்தது. ரவி புதுச் சேலையோடு ஜெயில் வாசலில் காத்திருந்தான். ஆனால் வெளியே வந்தவளை அப்படியே வேனில் ஏற்றி, ஊருக்கு வெளியே வெளிநாட்டவர்களை வைத்திருக்கும் தடுப்பு மையத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். ஜாமீன் வழக்குக்குத்தானாம். நாட்டுக்கு இல்லையாம்.

அங்கிருந்துதான் பிலோமினாவின் வேலை ஆரம்பித்தது. என் வேலையும். முகாம் பதிவுகளெல்லாம் தமிழில் இருந்தன. ஆங்கிலத்தில் பெயர்த்துத் தர ஆள் தேவைப்பட்டது. பத்திரிகையில் பத்தி எழுதுகிறவளுக்கு இதுகூட முடியாதா என்று யாரோ என் பெயரைச் சொல்லிவிட்டார்கள். அப்படித்தான் சனிக்கிழமைகளில் பிலோமினாவோடு தடுப்பு மையத்துக்குப் பஸ் ஏற ஆரம்பித்தேன். ஏறி உட்கார்ந்ததும் தூங்கிவிடுவார். இறங்கும் இடத்தில் மிகச் சரியாக விழித்துக்கொள்வார்.

பெரிய பெண் காவ்யாவுக்கு ஒன்பது வயது. ரவிக்கு வேலையை விட்டுவிட்டு அடிக்கடி வர முடியாது. அதனால் அவள் அம்மாவுக்குக் கடிதம் எழுதி எங்களிடம் கொடுத்தனுப்புவாள். படிப்பது கன்னட மீடியம். தமிழ் பேச வரும், எழுத வராது; கன்னடத்தில்தான் எழுதுவாள். அம்மாவுக்கோ கன்னட எழுத்து தெரியாது. மகள் எழுதியதை அம்மாவுக்கு வாசித்துச் சொல்ல ஒருவர் வேண்டியிருந்தது.

பிலோமினாவுக்குக் கன்னடம் என்னைவிட நன்றாகவே வாசிக்க வரும். ஆனாலும் கடிதத்தை என்னிடம்தான் தள்ளுவார். ஏன் என்று கேட்டேன்.

"ஒரு தடவை படிச்சேன் மேடம். அப்புறம் கேஸ் பேச வாய் வரல. அவங்க குடுக்கறதே அரை மணி நேரம். நான் அழுதுட்டு உக்காந்தா யார் பேசறது?"

அதனால் நான் வாசித்தேன். கணக்குப் பரீட்சையில் வாங்கிய மார்க், பக்கத்து வீட்டு நாய் குட்டி போட்டது, அப்பா சமைக்கும் சாம்பாரின் கொடுமை... சுதர்சினி சிரிப்பாள். சில இடங்களை மறுபடி வாசிக்கச் சொல்வாள்.

ஹைகோர்ட்டில் வாதம் முடிந்தது. தீர்ப்பைத் தேதி சொல்லாமல் தள்ளிவைத்தார்கள். ஒரு மாதம் போயிற்று. இன்னொரு மாதமும் போயிற்று. பிலோமினா இரண்டு முறை கோர்ட்டில் எழுந்து அவசரம் என்று சொல்லிப் பார்த்தார். பட்டியலில் வரும் என்றார்கள்.

அந்தச் சமயத்தில்தான் அந்தக் கடிதம் வந்தது.

வழக்கம்போல மார்க், நாய். அதற்கு அடுத்த வரியை, வாய்விட்டு வாசிப்பதற்கு முன்பே என் கண் பார்த்துவிட்டது. 'அம்மா, நித்யா இப்போதெல்லாம் அழுவதில்லை. உன்னைக் கேட்பதும் இல்லை. பக்கத்து வீட்டு ஆன்ட்டியை அம்மா என்று கூப்பிடுகிறாள். நீ கவலைப்படாதே.'

அந்தக் குழந்தை அதை நல்ல செய்தி என்று நினைத்து எழுதியிருக்கிறாள். தங்கை அழுவதை நிறுத்திவிட்டாள், அம்மாவுக்கு ஒரு கவலை குறையட்டும் என்று!

எனக்கு ஒரு நொடி இருந்தது. அந்த வரியைத் தாண்டிப் போயிருக்கலாம். யாருக்குத் தெரியப்போகிறது? ஆனால் அடுத்தவர் கடிதத்தில் கைவைக்க நமக்கு என்ன உரிமை என்று ஒரு நினைப்பு. நேர்மையாம்... வாசித்துவிட்டேன்.

"இன்னொருக்கா வாசிங்கக்கா" என்றாள்.

வாசித்தேன். அவள் அழவில்லை. கடிதத்தை வாங்கி, படிக்கத் தெரியாத அந்த எழுத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த வாரம் நாங்கள் போனபோது, என் விருப்பப்படி இலங்கைக்குத் திரும்பிப் போகிறேன் என்ற படிவத்தில் கையெழுத்துப் போட்டிருந்தாள். முறையாகப் போய்விட்டால், இந்தியக் கணவனின் மனைவியாக விசாவில் திரும்பி வந்துவிடலாம் என்று உள்ளே யாரோ சொல்லியிருக்கிறார்கள். பிலோமினா கத்தவில்லை. விசா கிடைக்காது, தீர்ப்பு வரட்டும், கையெழுத்தை வாபஸ் வாங்கு என்று மெதுவாக, திரும்பத் திரும்பச் சொன்னார்.

சுதர்சினி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாள்.

"தீர்ப்பு வர எத்தனை கிழமை ஆகும் மேடம்?"

கிழமை என்றால் அவர்கள் பேச்சில் வாரம். தெரியவில்லை என்றார் பிலோமினா. மூன்று வாரம் என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். ஆறு வாரம் என்று சொல்லியிருக்கலாம். தெரியாததைத் தெரியும் என்று கட்சிக்காரரிடம் சொல்லக் கூடாது என்பது அவர் பாடம்.

"இங்க இருந்தா மட்டும் பிள்ளையளோடயா இருக்கிறன்?" என்றாள் சுதர்சினி. அரை மணி நேரம் முடிந்துவிட்டது.

இந்த வழக்கில் வேகமாக நடந்த ஒரே காரியம் அவளுடைய பயணப் பத்திரம். ஒரு செவ்வாய்க்கிழமை விமானம் ஏறினாள். குழந்தைகள் ஏர்போர்ட்டுக்குப் போனார்கள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று கையாட்டினார்களாம்.

வியாழக்கிழமை தீர்ப்பு வந்தது.

சுதர்சினி சந்தாபுராவில் கணவனோடும் குழந்தைகளோடும் இருக்கலாம், இங்கேயே தங்க அவள் கொடுத்த மனுவின் மீது அரசு முடிவெடுக்கும்வரை யாரும் அவளை வெளியேற்றக் கூடாது என்று நீதிபதி வாசித்தார். நான் கோர்ட்டின் பின் வரிசையில் இருந்தேன். பிலோமினா எழுந்து, மனுதாரர் முந்தாநாள் நாட்டை விட்டுப் போய்விட்டார் என்று சொன்னார். நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். அடுத்த வழக்கைக் கூப்பிட்டார்கள்.

வெளியே படியில் உட்கார்ந்தோம். அந்த ஒரு வரியை நான் விட்டிருந்தால்... என்று ஆரம்பித்தேன்.

"சாகு மேடம்" என்றார் பிலோமினா. போதும் என்பது அவர் வாயில் எப்போதும் கன்னடத்தில்தான் வரும். "அப்படிப் பாத்தா நானும் ஒரு பொய் சொல்லிருக்கணும்."

நாங்கள் இருவரும் நேர்மையாக நடந்துகொண்டோம். அதற்கான விலையை மூன்றாவது ஒருத்தி கொடுத்தாள். இதில் என்ன பாடம் இருக்கிறது என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

சுதர்சினி இப்போது மன்னாரில், அதற்கு முன் பார்த்தே இராத ஒரு சித்தி வீட்டில் இருக்கிறாள். விசா கேட்டாள், அனுமதியில்லாமல் தங்கியவள் என்று மறுத்துவிட்டார்கள். வீடியோ காலில் காவ்யா பேசுவாள். நித்யாவை இழுத்து உட்காரவைத்தால் இறங்கி ஓடிவிடுகிறாள் என்றான் ரவி.

அன்று ஹாலில் எல்லோரும் கைதட்டியது இந்த வெற்றிக்குத்தான்.

விழா முடிந்து எல்லோரும் காபி குடித்துக்கொண்டிருந்தோம். இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர், நம் தமிழ் ஆள்தான், பிலோமினாவிடம் வந்தார். பேச்சு மனசை ரொம்பத் தொட்டுவிட்டது என்றார். பிறகு குரலைத் தணித்தார்.

"ஒரு சின்ன டவுட் மேடம். நம்ம ஷெட் வீட்டுல ஒரு ஃபேமிலி இருக்கு. பெங்காலி பேசறாங்க. கார்டெல்லாம் காட்டறாங்க, ஆனா ஏரியாவுல ஒரு மாதிரி பேசிக்கறாங்க. ஸ்டேஷன்ல ஒரு கம்ப்ளெயின்ட் குடுத்தா தானா காலி பண்ணிடுவாங்கல்ல?"

பிலோமினா காபி டம்ளரைக் கீழே வைத்தார். கம்ப்ளெயின்ட் எதுவும் வேண்டாம், நானே நேரில் வந்து கார்டுகளைப் பார்க்கிறேன் என்று சொல்லி, அட்ரஸை வாங்கிக் குறித்துக்கொண்டார். பெரியவர் சந்தோஷமாகப் போனார்.

புதன்கிழமை மத்தியானம் கோர்ட் வேலை முடிந்து நாங்கள் அங்கே போனோம். ஷெட் பூட்டியிருந்தது. பூட்டு புதுசு. பக்கத்துப் போர்ஷனில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த பெண்ணிடம் விசாரித்தோம். கம்ப்ளெயின்ட் வந்திருக்கிறது என்று திங்கட்கிழமை போலீஸ் வந்து விசாரித்துவிட்டுப் போனதாம். செவ்வாய்க்கிழமை காலை ஒரு டெம்போவில் சாமான்களை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்களாம். எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை.

பிலோமினா அந்தப் பூட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்தப் பெண்ணுக்கு எங்களைப் பார்த்தால் என்ன தோன்றியதோ...

"வீடு பாக்க வந்தீங்களாக்கா?" என்றாள். "ஃபேமிலின்னா ஓனர் குடுப்பாரு."

போனவர்களும் ஃபேமிலிதான்.