திருப்பிச் சொல்லும் வேலை

போன வாரம் புதுக்கோட்டையில் பஸ் ஸ்டாண்டுக்குப் போகும் வழியில் சிக்னலில் நின்றோம். வண்டி ஓட்டியது என் கணவர். நான் பின்னால் கட்டைப்பை நிறையக் கத்தரிக்காயோடு உட்கார்ந்திருந்தேன். விளக்கு சிவப்புக்கு மாறியதும் என் வலது கை தானாக நீண்டது. "ரெட்!" என்று ஒரு சத்தம். என்னுடைய சத்தம்தான். பக்கத்து ஆட்டோக்காரர் திடுக்கிட்டு, "என்னக்கா, யாரக் கூப்புடுறீங்க?" என்றார். என் கணவர் ஹெல்மெட்டுக்குள்ளிருந்து, "கைய எறக்கு. நடுரோட்டுல மானத்த வாங்காத" என்றார். இறக்கிவிட்டேன். ஆனால் வீடு வந்து கத்தரிக்காயைக் கழுவி வைத்த பிறகும் அந்த ஒரு சொல் தொண்டையிலேயே நின்றது.

நான் ரயில் ஓட்டுகிறவள். இதைச் சொன்னவுடன் எல்லாரும் என்னைப் பெரிய தைரியசாலி என்று நினைத்துவிடுகிறார்கள். சைக்கிளில் பேலன்ஸ் வராமல் அன்னவாசல் சந்தைக்குப் பக்கத்தில் சாக்கடையில் விழுந்தவள் நான். பல்லிக்குப் பயம், ஊசிக்குப் பயம், தெரியாதவர்களிடம் வழி கேட்கப் பயம். டிப்ளமோ முடித்துவிட்டு இரண்டு வருஷம் வீட்டில் உட்கார்ந்திருந்தபோது தோழி ஒருத்தி பிரவுசிங் சென்டரில் ரயில்வே வேலைக்கு விண்ணப்பம் போட்டாள். துணைக்குப் போன என்னிடம், "நீயும் போடுடி, கூட ஒரு ஆளு இருந்தா எனக்குத் தைரியமா இருக்கும்" என்றாள். அவளுக்குத் தைரியம் கொடுக்கப் போய் நான் தேறினேன், அவள் தேறவில்லை. அப்பா தபாலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "சைக்கிளே ஓட்ட வராத புள்ளகிட்ட ரயிலக் குடுக்குறாய்ங்களே" என்றார். ரயிலுக்கு பேலன்ஸ் தேவையில்லை என்பது ஒன்றுதான் என் ஆறுதல்.

அடுத்த பயம் கண். இந்த வேலையில் கண்தான் எல்லாம். கண் பரிசோதனையில் தோற்றால் எழுதிய பரீட்சை அத்தனையும் வீண். அம்மா ஒரு மண்டலம் எனக்குப் பொன்னாங்கண்ணிக் கீரை போட்டாள். கூட்டு, கடைசல், துவையல் என்று பொன்னாங்கண்ணிக்கு எத்தனை அவதாரம் உண்டோ அத்தனையும் சாப்பிட்டேன். இன்றைக்கும் அந்தக் கீரை வதங்கும் வாசனை வந்தால் எழுந்து வாசலுக்குப் போய்விடுவேன்.

ஆஸ்பத்திரியில் ஒரு புத்தகம் வைத்திருந்தார்கள். பக்கம் முழுவதும் வண்ணப் புள்ளிகள். அவற்றுக்குள் ஒரு எண் ஒளிந்திருக்கும். சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாத கண்ணுக்கு அந்த எண் தெரியாது. எனக்கு முன்னால் போன பையன் போன வேகத்தில் வெளியே வந்தான். மாடிப்படியில் உட்கார்ந்து, எதிரே இருந்த வேப்ப மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அன்றுவரை தன் கண்ணில் குறை இருப்பதே அவனுக்குத் தெரியாதாம். என்னைப் பார்த்து, "அந்த எல பச்சைதானேங்க?" என்று கேட்டான். ஆமாம் என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன். எண்களைச் சொல்லும்போது என் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. தேறிவிட்டேன். ஆனால் அவன் கேட்ட கேள்வி என்னை விடவில்லை. கண் பொய் சொன்னால் அது பொய் என்று கண்ணுக்குரியவருக்கே தெரியாது என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

பயிற்சிப் பள்ளி முடிந்து, உதவி டிரைவராக முதல்முறை டீசல் எஞ்சினில் ஏறிய நாள் இருக்கிறதே! அந்த வாடை முதலில் மூக்கில் ஏறும், பிறகு தலைமுடியில், பிறகு சாப்பிடும் சோற்றில். காலடியில் தரை நடுங்கும். அது எஞ்சினின் நடுக்கமா என் நடுக்கமா என்று பிரித்துச் சொல்ல முடியாது. எஞ்சினில் கழிப்பறை கிடையாது. அதனால் காலையிலிருந்தே தண்ணீர் குடிக்கப் பயம். கீரனூர்ப் பக்கம் தண்டவாளத்தில் மயில் உட்கார்ந்திருக்கும். ஹாரன் அடித்தாலும், யாரோ விருந்தாளி வருகிற மாதிரி, மெதுவாகத் தலையைத் திருப்பிப் பார்க்கும். நான் கண்ணை மூடிக்கொள்வேன். உதவி டிரைவர் கண்ணை மூடக் கூடாது. அந்த வேலைக்குத்தான் சம்பளமே.

எங்கள் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. சிக்னல் கண்ணில் பட்டதும் டிரைவர் கையை நீட்டி அதன் நிறத்தை உரக்கச் சொல்ல வேண்டும். உதவி டிரைவர் தானும் பார்த்து, கையை நீட்டி, நிறத்தைத் திருப்பிச் சொல்ல வேண்டும். ஒருவர் கண் தவறினாலும் இன்னொருவர் கண் பிடித்துக்கொள்ளும் என்பதற்காக வந்த ஏற்பாடு. கேட்க எளிமையாக இருக்கிறது இல்லையா? எங்கள் வீட்டில் வளர்ந்தவர்களுக்கு அது எளிமை இல்லை. பெரியவர்கள் ஒன்று சொன்னால் "சரிங்க" என்று சொல்லித்தான் நாங்கள் வளர்ந்தோம். மூத்தோர் சொல்லும் முழு நெல்லிக்காயும் முன்னே கசக்கும் பின்னே இனிக்கும் என்பார்கள். அந்த நெல்லிக்காயால்தான் நான் ஒரு நாள் சாகப் பார்த்தேன்.

டிரைவர் கருப்பையா சாரோடு எனக்கு அடிக்கடி டூட்டி விழும். புதுக்கோட்டைக்காரர். தயிர்சாதத் தூக்குச்சட்டியும் ஒரு பாக்கெட் குளுக்கோஸ் பிஸ்கட்டும் இல்லாமல் எஞ்சின் ஏற மாட்டார். பிஸ்கட்டில் பாதி எனக்கு. ஓய்வுபெற இன்னும் பதினோரு மாதம் இருந்தது. டிரைவர் ஓய்வுபெறும் நாளில் அவருடைய கடைசி வண்டிக்கு மாலை போடுவார்கள். சொந்த ஊர் ஸ்டேஷனில் குடும்பம் மொத்தமும் வந்து நிற்கும். அதைப் பற்றிப் பேசாமல் அவர் ஒரு ஸ்டேஷனையும் தாண்டியதில்லை. "எம் பொண்டாட்டி அதுக்குன்னு இப்பவே அரக்குல சேல எடுத்து வச்சுட்டா பாப்பா. மேளமும் வேணுமாம். கல்யாணத்துக்கே மேளம் வக்கலயேங்கிறா" என்று சிரிப்பார். முப்பத்தைந்து வருஷம் ஓட்டியவருக்கு அந்த ஒரு மாலைதான் மிச்சம் என்று தோன்றும்.

அன்று சரக்கு வண்டி. சாயங்கால வெயில் எங்கள் முதுகுப்பக்கமிருந்து வந்து எதிரே இருந்த சிக்னலின் முகத்தில் அடித்தது. ஸ்டேஷன் பெயர் வேண்டாம், விடுங்கள். ஸ்டேஷனுக்கு வெகு முன்னாலேயே ஒரு சிக்னல் நிற்கும். அது மஞ்சளாக இருந்தால், அடுத்தது சிவப்பு, வேகத்தைக் குறை என்று அர்த்தம். கருப்பையா சார் கையை நீட்டி, "கிரீன்" என்றார்.

எனக்கு மஞ்சளாகத் தெரிந்தது.

வெயிலில் வெளுத்துத்தான் தெரிந்தது, ஆனால் மஞ்சள். முப்பத்தைந்து வருஷம் பார்த்த கண் கிரீன் என்கிறது. மூன்று மாதக் கண் இல்லை என்கிறது. மாடிப்படியில் உட்கார்ந்திருந்த பையன் ஞாபகம் வந்தான். என் கண்தான் பொய் சொல்கிறதோ? என் கை நீண்டது. என் வாய், "கிரீன்ங்க சார்" என்றது. அந்த "ங்க" இன்றைக்கும் எனக்குக் கேட்கிறது. மரியாதை மட்டும் குறையவில்லை பாருங்கள்.

வளைவு திரும்பியதும் அடுத்த சிக்னல் சிவப்பாக நின்றது. அதற்கு அந்தப் பக்கம், பிளாட்பாரத்தில் இன்னொரு வண்டியின் கடைசிப் பெட்டி. நான் அலறினேன். என்ன சொல்லி அலறினேன் என்று தெரியாது. அவர் பிரேக்கைப் பிடித்தார். சரக்கு வண்டி நினைத்த இடத்தில் நிற்காது. பெட்டிகள் ஒன்றோடு ஒன்று முட்டும் சத்தம் பின்னாலிருந்து ஓடி வந்தது. இரும்பு கருகும் நாற்றம். கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு அம்மாவைக் கூப்பிட்டேன். வண்டி நின்றபோது சிக்னல் கம்பத்துக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரு மாட்டுவண்டி நிற்கும் இடம்தான் இருந்தது.

பிறகு அவர் கேட்டார்: "நீ என்ன பாத்த?"

"எல்லோங்க சார்."

"அப்பறம் ஏன் கிரீனுன்ன?"

"நீங்க சொன்னீங்களே சார்."

திட்டுவார் என்று நினைத்தேன். அவர் கண்ணாடி வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். "ரெண்டு மாசமா வலது கண்ணுல புகை படிஞ்ச மாதிரி இருக்கு பாப்பா. பொரையாத்தான் இருக்கும். ஆபரேஷன் பண்ணி லென்சு வச்சா மறுபடி எஞ்சின்ல ஏத்த மாட்டாங்க. நீ சரியாச் சொல்லுவேன்னு ஒன் வாயத்தான் நம்பி ஓட்டுனேன். பதினோரு மாசம். யார்ட்டயும் சொல்லிராத" என்றார். அவர் என்னை நம்பியிருக்கிறார். நான் அவரை நம்பியிருக்கிறேன். அந்த வண்டியைப் பார்த்து ஓட்டியவர் என்று யாருமே இல்லை.

அடுத்த நான்கு நாள் நான் தூங்கியதாக ஞாபகம் இல்லை. அவரோடு இன்னும் இரண்டு டூட்டி போனேன். வழக்கத்தை மீறி, அவர் வாய் திறப்பதற்குள் நானே சிக்னலைக் கத்தினேன். அவர் அதைத் திருப்பிச் சொன்னார். பிஸ்கட்டில் பாதியைக் கொடுத்தார். வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன். இரண்டாவது நாள் ஒரு ரயில்வே கேட்டில் பள்ளிக்கூட வேன் நின்றது. உள்ளேயிருந்த பிள்ளைகள் அத்தனை பேரும் எங்களுக்கு டாட்டா காட்டினார்கள். அவரும் சிரித்துக் கையாட்டினார். எத்தனை பிள்ளைகள் டாட்டா காட்டினார்கள் என்று அவருக்குத் தெரிந்திருக்குமா?

வண்டியை விட்டு இறங்கும்போது, "சார், நீங்களே போயிச் சொல்லிருங்க சார்" என்றேன். அழுதுவிட்டேன்.

"ஆடி முடியட்டும் பாப்பா" என்றார்.

ஆடி முடியும்வரை நான் காத்திருக்கவில்லை. மறுநாள், டிரைவர்களை மேற்பார்க்கும் இன்ஸ்பெக்டரின் அறை வாசலில் நின்றேன். உள்ளே போகாமல் இரண்டு முறை தண்ணீர் குடிக்கப் போனேன். மூன்றாம் முறை உள்ளே போய்ச் சொன்னேன். அன்று நான் சொன்ன கிரீனையும் சேர்த்துத்தான் சொன்னேன். எனக்கும் எழுத்துமூலம் ஒரு எச்சரிக்கை வந்தது.

கண் பரிசோதனையில் கருப்பையா சார் தேறவில்லை. எஞ்சினிலிருந்து இறக்கி, நாங்கள் டூட்டிக்குக் கையெழுத்துப் போடும் அறையில் மேசை வேலை கொடுத்தார்கள். அங்கே என்ன வேலை தெரியுமா? டூட்டிக்கு வருகிறவர்கள் குடித்திருக்கிறார்களா என்று பார்க்க ஒரு கருவியில் ஊதச் சொல்வார்கள். அதைப் பிடித்துக்கொண்டு நிற்கும் வேலை. ஒவ்வொரு டூட்டிக்கும் நான் அவருக்கு முகத்துக்கு முகம் நின்று ஊத வேண்டும். சொட்டு மோர்கூடப் புளிக்க விடாத வீட்டுப் பெண் நான். ஆனாலும் அந்தக் கருவி எதையாவது கண்டுபிடித்துவிடும் என்று ஒவ்வொரு முறையும் நடுங்கினேன். "பாப்பா" போய்விட்டது. "ஊதுங்க" என்பார். ஊதுவேன். "போங்க" என்பார். பத்து மாதம் எங்கள் பேச்சு இவ்வளவுதான்.

அவர் ஓய்வுபெற்ற நாளில் அலுவலகத்தில் ஒரு சால்வையும் ஒரு ரோஜா மாலையும் போட்டார்கள். அவர் மனைவி அரக்குச் சேலையில் வந்திருந்தார். நான் கூட்டத்தின் பின்னால், கதவு ஓரமாக நின்றேன். என்ன தற்செயலோ, அவர்கள் ஊருக்குத் திரும்பிய வண்டியில் நான்தான் உதவி டிரைவர். புதுக்கோட்டையில் வண்டி நின்றதும் பிளாட்பாரத்தில் அவர் எஞ்சினை நோக்கி நடந்து வருவது தெரிந்தது. கையில் அந்த மாலை. பத்து மாதமாகச் சேர்த்து வைத்ததையெல்லாம் இப்போது சொல்லப் போகிறார் என்று நினைத்தேன்.

கீழே நின்று அண்ணாந்து பார்த்தார். அதற்குள் கண் ஆபரேஷன் முடிந்திருந்தது. அவருக்கு எல்லாம் தெளிவாகத் தெரியும். ஆனாலும் கேட்டார்: "என்ன தெரியுது பாப்பா?"

வண்டிக்கு முன்னால் சிக்னல் அப்போதுதான் மாறியிருந்தது. கையை நீட்டினேன். "கிரீன்ங்க சார்."

அவரும் கையை நீட்டினார். "கிரீன்" என்று உரக்கச் சொன்னார். "போயிட்டு வா" என்றார்.

அவர் கையிலிருந்த மாலையைக் கேட்டு வாங்கி எஞ்சினில் போட்டிருக்கலாம். ஐந்து விநாடி வேலை. அவர் எதிர்பார்த்துத்தான் அவ்வளவு தூரம் மாலையோடு நடந்து வந்தாரோ என்னவோ. கேட்கப் பயமாக இருந்தது. வண்டி நகர்ந்துவிட்டது.

இப்போது எங்கள் பாதையில் மேலே மின்கம்பி ஓடுகிறது. தலைமுடியில் டீசல் வாடை இல்லை. பழைய பல்பு சிக்னல்களைக் கழற்றிவிட்டார்கள். புது விளக்குகள் எந்த வெயிலிலும் பளிச்சென்று தெரிகின்றன. நானும் டிரைவராகி இடப்பக்கத்து இருக்கைக்கு வந்துவிட்டேன். கருப்பையா சார் போன தையில் தவறிப்போனார். சாவு வீட்டுக்குப் போனபோது அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒன்னப் பத்தித்தான் பேசுவாக" என்றார். சார் என்ன பேசினார் என்று கேட்கவும் எனக்கு வாய் வரவில்லை. வாங்கிப்போன மாலையை சார் மேல் போட்டுவிட்டு வந்தேன். மாலை விழாமல் போன அந்த டீசல் எஞ்சின் இப்போது எங்கே கிடக்கிறதென்று தெரியவில்லை.