உடைந்த தாழி

அருங்காட்சியகத்தில் ஒரு பெண் தன் குழந்தையின் கையை வெடுக்கென்று இழுத்ததும் காஞ்சிபுரம் ஞாபகம் வந்தது.

எனக்கு அப்போது பத்து வயது. பழம்பொருள் கூடமொன்றில், தரையில் இருந்த மண்தாழிக்குள் எட்டிப்பார்த்த என் குட்டித் தங்கை வள்ளி விளிம்பைப் பிடித்துத் தொங்கினாள். தாழி சாய்ந்து உடைந்தது.

காப்பாளர் ஓடிவந்தார். "புள்ளைய பாத்துக்கினு இருக்க மாட்டியாம்மா? எவ்ளோ பழைய பொருளு!"

அம்மா வள்ளியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "தப்புதாங்க. ஆனா அத ஏன் கொழந்த கைக்கு எட்டுற மாதிரி வச்சீங்க?"

அவர் குனிந்து துண்டுகளைப் பொறுக்கினார். அம்மாவும் உட்கார்ந்து பொறுக்கினாள்.

"மேலதிகாரிங்க என்னத்தான் கேப்பாங்க," என்றார் காப்பாளர்.

"என் பேரையும் சொல்லுங்க," என்று அம்மா வீட்டு விலாசத்தைச் சொன்னாள்.

பிறகு பல மாதங்கள், வாசலில் சைக்கிள் மணி அடித்தாலே, தாழிக்காக யாரோ தேடி வந்துவிட்டார்கள் என்று அம்மா முகம் வெளுக்கும். யாரும் வரவில்லை. அந்தக் காப்பாளர் என்ன ஆனார் என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது.