கழிவு என் பக்கம்

மாத்தளை நகரத்தில் வீடு வீடாகச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுப்பது என் தொழில். ஸ்கூட்டி என்னுடையது. பெட்ரோல் என்னுடையது. முதுகில் தொங்குகிற பெரிய பையும் என் காசில் வாங்கியது. ஆர்டர் வருகிற ஆப் மட்டும்தான் கம்பெனியுடையது. மழையில் சறுக்கி விழுந்து முழங்காலைப் பெயர்த்துக்கொண்டபோது, நான் அவர்களுடைய ஊழியர் இல்லையாம், சுயதொழில் செய்கிறவளாம், அதனால் ஒன்றும் தர முடியாதாம் என்று செய்தி அனுப்பினார்கள். நல்லது. சுயதொழில் என்றால் சுயதொழில். அப்படியானால் வருமான வரிக் கணக்கையும் என் பெயரிலேயே காட்டுகிறேன் என்று கிளம்பினேன். கோபத்தில் செய்ததுதான். அதற்கு வெட்கப்படவில்லை.

பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கிற கடையில் கணினியில் படிவம் நிரப்பித் தருவார்கள். கடைக்காரர் என் போனில் ஆப்பைத் திறந்து, வருடம் முழுக்க என் கையில் வந்த தொகையை அப்படியே வருமானமாகப் போட்டார். அடுத்த கட்டத்தில் கழிவு என்று இருந்தது. எவ்வளவு போடட்டும் என்று கேட்டார். ஒரு சதமும் போடக் கூடாது என்று அதட்டினேன்.

எங்கள் வீட்டில் கழிவு என்பது கெட்ட வார்த்தை. அம்மா இரத்தோட்டைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் இன்னும் கொழுந்து பறிக்கிறார். மலையிலிருந்து சுமந்து வந்ததைத் தராசில் வைத்தவுடன் சாக்குக்கு என்று சில கிலோ கழிப்பார்கள். பிறகு ஈரத்துக்கு என்று கழிப்பார்கள். மண் வெடிக்கிற வெயிலிலும் ஈரத்துக்குக் கழிவு உண்டு. அந்தச் சொல்லைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இங்கேயும் ஒருவன் கழிக்க உட்கார்ந்திருக்கிறானா என்றுதான் நினைத்தேன்.

கட்ட வேண்டிய வரியைக் கணினி காட்டியது. கடைக்காரர் வாயைப் பிளந்து, இவ்வளவு பெரிய பணக்காரியா நீங்கள் என்றார். ஸ்கூட்டியை விற்றால்தான் அதைக் கட்டலாம். ஸ்கூட்டியை விற்றால் மறுபடியும் மலைக்குத்தான் ஏற வேண்டும். அனுப்ப வேண்டாம் என்று சொல்லி, அச்சடித்த தாளை வாங்கிக்கொண்டு நேரே வரி அலுவலகத்துக்குப் போனேன். சண்டை போடத்தான் போனேன்.

அங்கே இருந்தவர் முக்காடு போட்ட ஒரு முஸ்லிம் அம்மா. தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். இதெல்லாம் உங்கள் காசா என்று கேட்டார். எங்கே என் காசு? வாசலில் ஆட்கள் தருகிற கொத்து ரொட்டியின் விலையும், பிரியாணியின் விலையும் அதில் இருந்தன. அதைக் கம்பெனியிடம் கட்டிவிடுவேன். எனக்கு நிற்பது ஓட்டத்துக்கான கூலி மட்டும். அவர் பென்சிலால் மொத்தத் தொகையைச் சுற்றிக் கோடு போட்டு, கூலியை மட்டும்தான் வருமானமாகக் காட்ட வேண்டும் என்றார். பிறகு வெறும் கட்டத்தைத் தட்டிக் காட்டினார்.

"கழிவுல ஏன் ஒண்டுமே போடல்ல?"

"எனக்குக் கழிவு வேணாம் மிஸ். பொறந்ததுல இருந்து பார்த்தாச்சு."

எந்தத் தோட்டம் என்று கேட்டார். சொன்னேன். சிரித்தார். நக்கல் சிரிப்பு இல்லை.

"தங்கச்சி, இது உங்கள்ட்ட இருந்து கழிக்கிறதில்ல. நீங்க கழிக்கிறது."

எனக்கு உடனே பிடிபடவில்லை. தொழிலுக்காக நான் செலவழித்ததை என் வருமானத்திலிருந்து நானே கழிக்கலாம், மிச்சத்துக்குத்தான் வரி என்று விளக்கினார். பெட்ரோல், டயர், போன் டேட்டா. ஸ்கூட்டி சீட்டுக்கு அடியில் எண்ணெய் படிந்து கிடந்த ரசீதுகளை அள்ளி வந்து மேசையில் கொட்டினேன். பையை யார் வாங்கியது என்று கேட்டார். நான்தான் என்றேன். அதையும் போடச் சொன்னார்.

எல்லாம் கழித்த பிறகு மிஞ்சியது வரி வரம்புக்குக் கீழே நின்றது. கட்ட ஒன்றும் இல்லை. அதற்காகத் தப்பித்தேன் என்று நான் நினைக்கவில்லை. வரம்பைத் தாண்டுகிற வருடம் தலை நிமிர்ந்து கட்டுவேன். படிவத்தில் தொழில் என்ற இடத்தில் 'சுயதொழில், உணவு விநியோகம்' என்று என் பெயருக்கு நேரே எழுதியிருந்ததை இரண்டு தரம் வாசித்தேன். விரட்டிவிடக் கம்பெனி சொன்ன வார்த்தை. இப்போது அது என்னுடையது.

ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துக்குப் போய் அம்மாவிடம் சொன்னேன். நம்பவில்லை.

"நாமளே கழிக்கிறதா? அங்க இருந்தவங்க பார்த்துக்கிட்டா இருந்தாங்க?"

"அவங்கதான்மா சொல்லிக் குடுத்தாங்க."

கதவோரம் வைத்திருந்த என் பையை அம்மா காலால் தொட்டுக் காட்டினார்.

"சாக்குக்குக் கழிச்சியா?"

"கழிச்சேன்."

குனிந்து பையைத் தடவிப் பார்த்தார்.

"ஈரத்துக்கு?"

"ரெயின்கோட்டு வாங்கின காசக் கழிச்சேன்மா."

அம்மா சிரித்த சிரிப்பில் இருமல் வந்துவிட்டது. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பக்கத்துக் காம்பராவில் குடியிருப்பவர்களிடம் சொல்ல எழுந்து போனார்.