ஏழுமலை அடக்கி வைத்த கைகள்

கரையோரம் கலங்கிக் கிடந்த தண்ணீர், மாமல்லபுரத்துக் கோயில் விரலளவாகத் தெரியும் இந்தத் தூரத்தில் பச்சையாகத் தெளிந்திருக்கிறது. காற்று இல்லை. என் தூண்டிலில் பெரிய பாரை மீன் மாட்டியிருக்கிறது. கோல் வில்லாக வளைகிறது; உருளையின் கைப்பிடியைச் சுற்றி நரம்பை இழுக்கிறேன்.

படகோட்டி ஏழுமலை தன் இரண்டு கைகளின்மேலும் உட்கார்ந்திருக்கிறார். முதலில் மாட்டிய மீனை, வலை இழுக்கிற பழக்கத்தில், தூண்டில் நரம்பைப் பிடித்து ஒரே இழுப்பில் அறுத்துத் தப்பவிட்டவர் அவர்தான்.

"என்னண்ணா, இருக்க முடியலயா?"

"மீனு வந்துகினு கீது, கை சும்மா இருக்குமா? நீ சுத்து சார், சுத்து!"

படகோரம் பாரை வெள்ளியாகப் புரள்கிறது.

"அண்ணா, இப்ப கை வைங்க!"

பாய்ந்து அதை மார்போடு அணைத்துத் தூக்குகிறார். போட்டோ எடுக்கிறேன். தினமும் மீனோடு வீடு திரும்புகிறவர் கேட்கிறார்: "வூட்ல காட்டணும், எனக்கும் அனுப்பு சார்!"