டாக்டரம்மா வேண்டாம் என்ற பிள்ளை

கல்யாணத்துக்கு ஒரு வருடம் முன்பே டாக்டரம்மா சொல்லிவிட்டார். சின்ன வயதில் வந்த மூட்டுக் காய்ச்சல் என் இருதய வால்வைச் சுருக்கிவிட்டதாம். "கல்யாணம் பண்ணிக்கோ. குழந்தை மட்டும் வேண்டாம். உன் உயிருக்கே ஆபத்து." திரும்பி வரும்போது பஸ்ஸில் அம்மா, "இத வெளிய சொல்லாத" என்றாள். நான் சொல்லவில்லை.

கல்யாணம் ஆனது. வீட்டுக்காரர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டினார். ராயபுரத்தில் மாடியில் ஒற்றை அறை. வேலை முடிந்து வந்ததும், சரக்கு இறக்கிய கப்பலில் நடந்ததையெல்லாம் கதையாகச் சொல்வார். மூன்றாம் வருடம் நாள் தள்ளிப்போனது. அதே டாக்டரம்மாவிடம் தனியாகப் போனேன். கருக்கலைப்பை அனுமதிக்கும் சட்டம் வந்த புதிது. "இப்பவே கலைச்சிடலாம். வீட்டுக்காரரோட பேசிட்டு வா" என்றார். பேசவில்லை. மாதா கோயிலில் பாவம் என்பார்கள் என்றெல்லாம் யோசிக்கவில்லை. எனக்குப் பிள்ளை வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

ஆறாம் மாதம், தண்ணீர்க் குடத்தோடு படியில் பாதியிலேயே உட்கார்ந்துவிட்டேன். மூச்சு வாங்கி, உதடு நீலம் பாரித்துக் கிடந்தவளை வேலை முடிந்து வந்த அவர்தான் தூக்கினார். அன்றைக்கு எல்லாவற்றையும் சொன்னேன்.

"உனுக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும்."

"நீ செத்துப் பூட்டா நான் இன்னா பண்ணுவேன்? என்னாண்ட ஒரு வார்த்த கேட்டியா?"

"கேட்டா வேணாம்னு சொல்வீங்க."

"ஆமா, வேணாம்னுதான் சொல்லியிருப்பேன்."

மறுநாள் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டுப் போனவர் பிறகு வரவில்லை. மூன்று மாதம் படுக்கை. சாயங்காலம் ஒவ்வொரு கட்டிலைச் சுற்றியும் கேரியரும் பேச்சுமாக இருக்கும். அம்மா ஞாயிறு மட்டும் வருவாள். மற்ற நாட்களில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வேன். வயிற்றில் பிள்ளை உதைக்கும்போது சொல்வதற்கு ஆள் இல்லை. என் உயிரைத்தானே பணயம் வைத்தேன் என்று முதலில் கோபம் வந்தது. அவர் வாழ்க்கையையும் சேர்த்துத்தான் வைத்திருக்கிறேன் என்பது மெல்லத்தான் உறைத்தது.

பிரசவத்தில் இடுக்கி ஆயுதம் போட்டுப் பெண் குழந்தையை எடுத்தார்கள். நானும் பிழைத்தேன். மூன்றாம் நாள் அவர் வந்தார். குழந்தையை வெகுநேரம் மடியில் வைத்திருந்தார்.

"உனுக்குத் தெகிரியம் ஜாஸ்தி. எனுக்கு அவ்ளோ கெடையாது" என்றார்.

அந்த மாதமே கருத்தடை ஆபரேஷன் செய்துகொண்டு வந்து, பிறகுதான் என்னிடம் சொன்னார். மகள்மேல் உயிராக இருந்தார். என்னிடம் குறை வைத்ததில்லை. ஆனால் கப்பலில் நடந்ததையெல்லாம் வீட்டுக்கு வந்ததும் கதையாகச் சொல்வாரே, அந்தப் பழக்கம் அதோடு நின்றுபோயிற்று.