சாம்பியனின் தொடைப்புண்

வங்கி மேலாளருக்கு அவர் மனைவி வைத்திருந்த பெயர் சாம்பியன். நின்ற இடத்திலேயே மிதிக்கும் சைக்கிளைக் கூடத்தில் வாங்கிப் போட்டு, ஜன்னலை அடைத்து, ஃபேனையும் நிறுத்திவிட்டுத்தான் ஏறி உட்காருவார். எவ்வளவு வேர்க்கிறதோ அவ்வளவு கொழுப்பு கரைகிறது என்பது அவருடைய கண்டுபிடிப்பு. இறங்கியதும் குளிப்பாரா என்றால், அதுதான் கிடையாது. சொட்டச் சொட்ட நனைந்த டிரவுசரோடு சோபாவில் சாய்ந்து, அலுவலக வாட்ஸ்அப் குழுவில் தன் படத்தைப் போட்டு, வந்த பாராட்டுக்கெல்லாம் கும்பிடு போட்டு முடிப்பதற்குள் டிரவுசர் உடம்பிலேயே காய்ந்துவிடும்.

தொடையிடுக்கு செக்கச்செவேலென்று தடித்துப்போனது. சீட்டின் மேல் பழியைப் போட்டு அதை மாற்றினார். பவுடரும் களிம்புமாக வாங்கிக் குவித்தார். காலை அகட்டி அகட்டி வாத்து மாதிரி நடந்தார்.

"வேர்த்தா குளிக்கணும்னு யாரும் சொல்லித் தரலையா உங்களுக்கு?" என்றாள் மனைவி.

"உனக்கென்ன தெரியும்? இது ஸ்போர்ட்ஸ் இஞ்சுரி."

தோல் மருத்துவரிடம் இழுத்துக்கொண்டு போனாள். அவர் பார்த்துவிட்டு, "ஃபேனைப் போட்டுக்குங்க. இறங்கின உடனே குளிச்சுட்டு, ஈரம் போகத் துடைச்சு, வேற துணி மாத்துங்க. தடிப்பு அடங்குற வரைக்கும் சைக்கிள் வேண்டாம்" என்றார்.

"ஒரு களிம்பு எழுதத் தெரியல, இவனெல்லாம் ஒரு டாக்டர்!" என்று படியிறங்கும்போதே பொருமினார் சாம்பியன்.

வீட்டுக்கு வந்ததும் குளியலறைப் பக்கம் போகவில்லை. சோபாவில் சாய்ந்து, 'காயம் காரணமாக ஓய்வில் இருக்கிறேன்' என்று குழுவில் போட்டார். ஆறுதல் குவிந்தது. ஒரு கை எல்லோருக்கும் கும்பிடு அனுப்பிக்கொண்டிருக்க, இன்னொரு கை சொறிந்துகொண்டிருந்தது.