சுவர்ப் பக்கம்

இதை நம்பச் சொல்லி யார் காலிலும் விழப் போவதில்லை. நடந்தது நடந்ததுதான். எனக்குக் குடிக்கிற பழக்கம் இல்லை, தூக்க மாத்திரையும் போட்டதில்லை. பேய் என்றால் நடுராத்திரியில்தான் வரும், நாய் ஊளையிடும், கரண்ட் போகும் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். இது பட்டப்பகலில் நடந்தது. மதியம் இரண்டு மணி ஏழு நிமிடம். ஜன்னல் திறந்திருந்தது. தெருவில் யாரோ கார் கழுவிக்கொண்டிருந்தார்கள்.

முதலில் என் கையைப் பற்றிச் சொல்ல வேண்டும். நானும் அப்பாவும் சரக்குக் கிடங்கில் மூட்டை தூக்கியவர்கள். பதினான்கு வயதில் தோளைக் கொடுத்தேன், முப்பது வயதில்தான் எடுத்தேன். மூட்டையின் காதைப் பிடித்து லேசாக அசைத்தாலே ஐம்பது கிலோவா ஐம்பத்திரண்டா என்று சொல்லிவிடுவேன். தராசு தப்பலாம், என் கை தப்பாது. அப்பாவுக்கு முதுகு போன பிறகு அந்தப் பிழைப்பு போதும் என்று விட்டுவிட்டேன். மூன்று மாதப் பயிற்சி எடுத்து, படுத்த படுக்கையாகக் கிடக்கும் பெரியவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு வந்தேன். இங்கேயும் தூக்குவதும் வைப்பதும்தான். மூட்டை வலிக்கிறது என்று முனகாது, அவ்வளவுதான் வித்தியாசம்.

அந்த வீட்டுப் பெரியவருக்கு வயது எண்பத்தொன்று. பக்கவாதம். பேச்சு கிடையாது, ஒரு விரல்கூட அசையாது, கண் மட்டும் அலையும். இனி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம், இருக்கிற நாளை வலியில்லாமல் வைத்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். எடை நாற்பத்திரண்டு கிலோ. எனக்கு முன் மூன்று ஆட்கள் வந்து மூன்று பேரும் வேலையை விட்டு நின்றுவிட்டதாக ஏஜென்சியில் சொன்னார்கள். அந்த வீட்டு மருமகளின் வாய்தான் காரணம் என்றார்கள். நானும் நம்பினேன்.

இப்படிக் கிடப்பவர்களை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பிப் போட வேண்டும். இல்லையென்றால் எலும்பு அழுத்தி, தோல் செத்து, படுக்கைப்புண் வரும். எட்டு, பத்து, பன்னிரண்டு, இரண்டு, நான்கு, ஆறு. திருப்பியதும் அலமாரிக் கதவில் ஒட்டியிருக்கும் சார்ட்டில் எந்தப் பக்கம் என்று எழுத வேண்டும். இரவில் மகன் திருப்புவதாகப் பேச்சு. சார்ட்டில் இரவுக் கட்டங்கள் எப்போதும் காலிதான்.

பெரியவருக்கு இடது இடுப்பில் ஏற்கெனவே புண் இருந்தது. அதனால் வலது, மல்லாக்க, மறுபடி வலது. இடது மட்டும் கூடவே கூடாது. கட்டில் சுவரை ஒட்டிக் கிடந்தது. இடது பக்கம் படுத்தால் முகம் சுவரைப் பார்க்கும்.

திங்களும் வியாழனும் ஒரு சிஸ்டர் வந்து புண்ணைக் கழுவிக் கட்டுவார். ரிட்டயர் ஆகிற வயது. பல வருடமாக அந்தத் தெருவுக்கு வந்துபோகிறவர். காகித ஸ்கேல் வைத்து அளந்து நோட்டில் எழுதுவார். முதல் திங்களன்று மூன்றுக்கு இரண்டு சென்டிமீட்டர்.

"ஆறிடும் தம்பி. இடது பக்கம் மட்டும் போட்றாத," என்றார். "எலும்பத் தொட்டுச்சுன்னா அப்புறம் எந்த மருந்தும் கேக்காது. கத்தறதுக்கு வாயும் இல்ல அவருக்கு."

செவ்வாய்க்கிழமை. மதியம் 2.00. வலது பக்கம் திருப்பி, முதுகுக்குத் தலையணை அண்டக் கொடுத்தேன். சார்ட்டில் எழுதினேன். ட்யூபில் பால் ஏற்றிய சிரிஞ்சைக் கழுவச் சமையலறைக்குப் போனேன். திரும்பி வந்தபோது சுவர்க் கடிகாரத்தில் 2.07.

பெரியவர் சுவரைப் பார்த்துக் கிடந்தார்.

தலையணை தரையில் விழுந்திருந்தால்கூட ஏதாவது சமாதானம் சொல்லிக்கொண்டிருப்பேன். அது நாற்காலியில் நிமிர்த்தி வைக்கப்பட்டிருந்தது. போர்வை கழுத்துவரை இழுத்து, ஓரம் மெத்தைக்கு அடியில் செருகியிருந்தது. நான் போர்வையைச் செருகுவதில்லை.

ஹாலில் டிவி பார்த்துக்கொண்டிருந்த மருமகளிடம், ஐயாவைத் திருப்பினீர்களா என்று கேட்டேன். அவர் டிவியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"நான் அவரத் தொட்டு ரெண்டு வருஷமாச்சு. இப்பத் தொடணும்னு எனக்கென்ன வேண்டுதலா?"

புதன்கிழமை. அதே 2.00, அதே வலது பக்கம். இந்தத் தடவை கதவைச் சாத்திவிட்டு வெளியிலேயே நின்றேன். ஏழாவது நிமிடம் கட்டில் கிறீச்... என்றது. ஒரே ஒரு தடவை. பிறகு ஒரு மூச்சு. ஹ்ம்ம்... கனமான ஒன்றைத் தூக்கி வைத்துவிட்டு விடுகிற மூச்சு. கிடங்கில் ஒரு நாளைக்கு நானூறு தடவை கேட்ட சத்தம் அது. தப்பாக இருக்க வழியில்லை.

கதவைத் திறந்தேன். உள்ளே வேறு யாருமில்லை. முகம் சுவர்ப் பக்கம்.

வியாழனன்று சிஸ்டர் அளந்தார். நாலரைக்கு மூன்று. மூன்றே நாளில். தோள்பட்டையில் நான்கு விரல் தடம், நீலம் பாரித்து.

மருமகள் கதவு நிலையில் சாய்ந்துகொண்டு சொன்னார்: "மூட்ட தூக்குறவனக் கொண்டாந்து விட்டா மூட்ட மாதிரிதான் தூக்குவான்." மகன் செல்போனைப் பார்த்தபடியே விடு விடு என்றார்.

சிஸ்டர் என் கையை இழுத்து அந்தத் தடத்தின் மேல் வைத்தார். என் கை முறம் மாதிரி. தடம் அதற்குள் காணாமல் போனது. அடுத்து மருமகளின் கையைப் பார்த்தார். அவருக்கும் நல்ல அகலக் கை. மருமகள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

வாசல்வரை என்னைக் கூட்டிப்போய்ச் சிஸ்டர் சுருக்கமாகச் சொன்னார். திங்கள்கிழமை புண் இன்னும் பெரிதாக இருந்தால் ஏஜென்சிக்கு எழுதியே ஆக வேண்டும். அதற்குப் பிறகு எந்த வீட்டிலும் என்னைச் சேர்க்க மாட்டார்கள்.

"வேல போறது ஒன் கவல. அந்த மனுஷன் படப்போறது அதவிடப் பெருசு. நாலு நாள் காப்பாத்து."

வெள்ளிக்கிழமை அறையை விட்டு நகரவில்லை. 2.00 மணிக்கு அவரை வலது பக்கம் திருப்ப, அடியில் விரித்திருந்த குறுக்குத் துணியைப் பிடித்து இழுத்தேன். நாற்பத்திரண்டு கிலோவைத் தினம் ஆறு தடவை திருப்புகிற கை.

வரவில்லை.

மறுபடி இழுத்தேன். எண்பது இருக்கும். சத்தியமாகச் சொல்கிறேன், எண்பது. துணியின் மறுமுனை விறைத்து நின்றது. சுவருக்கும் கட்டிலுக்கும் நடுவே ஒரு கை நுழையாது. அங்கிருந்துதான் இழுத்தார்கள்.

சட்டென்று விட்டார்கள். மல்லாந்து தரையில் விழுந்தேன். எழுந்து பார்த்தபோது பெரியவர் சுவரைப் பார்த்துக் கிடந்தார். மணி 2.07. ஏழு நிமிடமா இழுத்தேன்? எனக்கு ஒரு நிமிடம்போலத்தான் இருந்தது.

சனிக்கிழமை வீட்டில் யாருமில்லை. மகனும் மருமகளும் வெளியே போயிருந்தார்கள். கட்டிலை இரண்டடி முன்னால் இழுத்துப் போட்டேன். பெரியவரை வலது பக்கம் திருப்பி, அந்த இடைவெளியில் நானே இறங்கி உட்கார்ந்தேன். என் முதுகு சுவரில். முழங்கால் கட்டில் சட்டத்தில். இரண்டு உள்ளங்கையும் அவர் முதுகில். சுவர்ப் பக்கம் நான் இருக்கிறேன். இனி எவன் இழுப்பான், பார்த்துவிடலாம் என்று இருந்தேன்.

2.03.

2.05. தெருவில் கார் கழுவுகிற தண்ணீர்ச் சத்தம்.

2.07. சத்தம் நின்றது.

கையில் எடை ஏறியது. நாற்பத்திரண்டு... ஐம்பது... அறுபது...

இழுக்கவில்லை. இன்று அந்தப் பக்கம் நின்று தள்ளுகிறார்கள்.

முழங்காலை ஊன்றினேன். எழுபது... எண்பது...

கிறீச்...

பெரியவரின் முகம் மெல்ல என் பக்கம் திரும்பியது. கண் என்னைப் பார்க்கவில்லை. யாரிடமோ கெஞ்சியது.

அவர் தோளில் நான்கு விரல்.

எலும்பாய் மெலிந்த விரல். நகம் நீண்டு, வளைந்து... வெட்டிவிட ஆளில்லாத நகம்.

பிறகு குரல். பெண் குரல். கோபம்கூட இல்லை. சலிப்பு.

"சுவத்தப் பாத்துப் படு."

கையை எடுத்துவிட்டேன்.

இடைவெளியிலிருந்து எப்படி வெளியே வந்தேன் என்று ஞாபகமில்லை. கட்டிலை மறுபடி சுவரோடு தள்ளினேன். இனி எழுதப்போவதை எழுதத்தான் கூச்சமாக இருக்கிறது. பேயைப் பார்த்ததைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

நான்கு மணிக்கு நான் அவரைத் திருப்பவில்லை. ஆறு மணிக்கும் திருப்பவில்லை. சார்ட்டில் மட்டும் 4.00 மல்லாக்க, 6.00 வலது என்று எழுதினேன். ஞாயிறு காலை எட்டு மணிக்கு நானே அவரை இடது பக்கம் போட்டேன். லேசாக வந்தார். நாற்பத்திரண்டு கிலோ, ஒரு கிராம் கூடக் குறைய இல்லை. போர்வையை இழுத்து ஓரத்தைச் செருகினேன். ஆறு மணிவரைக்குமான கட்டங்களை ஒரே மூச்சில் எழுதி முடித்தேன். அன்று 2.07க்கு ஒரு சத்தமும் இல்லை. பெரியவர் மட்டும் முனகினார். நான் ஹாலில் போய் உட்கார்ந்துகொண்டேன். மருமகள் சொன்னது சரிதான். அன்று நான் அவரை மூட்டையாகத்தான் வைத்திருந்தேன்.

திங்களன்றும் காலையிலேயே கட்டங்களை நிரப்பிவிட்டேன். வழக்கமாகப் பத்து மணிக்கு வருகிற சிஸ்டர், வேறு வீட்டில் ஒரு சாவு என்று இரண்டு மணிக்கு வந்தார். அவர் ஆட்டோவை விட்டு இறங்குவதை ஜன்னலில் பார்த்துவிட்டு ஓடிப்போய்ப் பெரியவரை வலது பக்கம் திருப்பினேன். சிஸ்டர் கட்டைப் பிரித்தார். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தது. எலும்பு.

ஸ்கேலை வைத்தார். ஏழுக்கு ஐந்து. எடுத்துவிட்டு மறுபடி வைத்தார். மூன்றாவது தடவையும் வைத்தார்.

அவர் ஸ்கேலை எடுப்பதற்குள் பெரியவரின் மூச்சு நின்றுவிட்டது. சிஸ்டர் நாடி பார்த்தார், கடிகாரம் பார்த்தார், நோட்டில் 2.07 என்று எழுதினார். எழுந்துபோய் அலமாரிக் கதவில் சார்ட்டைப் பார்த்தார். அன்றைய நான்கு மணிக்கு எதிரே 'மல்லாக்க'. ஆறு மணிக்கு எதிரே 'வலது'. இன்னும் வராத மணிகள்.

என்னைத் திட்டுவார் என்று நின்றேன். அவர் சார்ட்டைக் கிழித்து நான்காக மடித்துப் பைக்குள் போட்டுக்கொண்டார். மகன் வந்ததும், எல்லாம் முறைப்படிதான் செய்திருக்கிறார்கள் என்று சொன்னார். எனக்கு வேலை போகவில்லை.

நான்கு மாதம் கழித்து, ஒரு ஆஸ்பத்திரிக்கு எதிரே இருந்த டீக்கடையில் சிஸ்டரைப் பார்த்தேன். ஏன் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை என்று கேட்டேன். அவர் டீ கிளாசை உருட்டினார். பிறகு சொன்னார்.

பெரியவருக்கு முன் அதே கட்டிலில் அவர் மனைவி கிடந்திருக்கிறார். பதினொரு மாதம். மகன் அப்போது வேறு ஊரில். வெளி ஆள் யாரும் என் வீட்டுக்குள் வர வேண்டாம், நானே பார்த்துக்கொள்கிறேன் என்று பெரியவர் பிடிவாதமாக இருந்திருக்கிறார். சரிபார்க்க வந்துபோகும் சிஸ்டரிடம் மட்டும் காட்ட, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை சார்ட் எழுதுவாராம். ஒரு கட்டம் விடாமல்.

"அச்சடிச்ச மாதிரி இருக்கும். அதப் பாத்துட்டு, புருஷன் எவ்வளவு நல்லாப் பாத்துக்கிறாருன்னு நானும் கையெழுத்துப் போட்டுட்டே வந்தேன். போர்வையத் தூக்கிப் பாக்கல தம்பி."

கடைசி நாள் சிஸ்டர் அந்த அறைக்குள் போனபோது மணி 2.07. நோட்டில் எழுதியதால் மறக்கவில்லை என்றார். அந்த அம்மாள் இடது பக்கமாகச் சுவரைப் பார்த்துக் கிடந்திருக்கிறார். போர்வை ஓரம் செருகியிருந்தது. தொட்டால் உடம்பு கட்டையாக விறைத்துப் போயிருந்தது. விடியற்காலையிலேயே உயிர் போயிருக்க வேண்டும். சார்ட்டில் எட்டு, பத்து, பன்னிரண்டு, இரண்டு என எல்லாக் கட்டங்களும் நிரம்பியிருந்தன. நான்கும் ஆறும்கூட. செத்தவரை நாள் முழுக்கத் திருப்பிப் போட்டதாக எழுதியிருந்தார் அந்த மனிதர். இடது இடுப்பில் புண். சிஸ்டர் அளந்திருக்கிறார். ஏழுக்கு ஐந்து.

"ஒரே ஒரு நாள் வாசல்ல நின்னு கேட்டேன். அந்தம்மா வலியில மொனகுது. இவரு உள்ள என்னமோ சொல்றாரு. பதினோரு மாசமும் அதத்தான் சொல்லியிருப்பாருன்னு நெனைக்கிறேன். அவரு சொன்னது என்னன்னா..."

அவர் முடிப்பதற்குள் நான் அதைச் சொன்னேன். மூன்று வார்த்தை. அந்தச் சலிப்போடு அப்படியே வந்தது என் வாயில்.

சிஸ்டர் கிளாசைக் கீழே வைத்தார். உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்கவில்லை. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, வேறொன்று கேட்டார்.

"தூங்கி எந்திரிக்கறப்ப... நீ எந்தப் பக்கம் பாத்துப் படுத்திருக்க தம்பி?"